எங்கள் வீட்டு வாயு

மகளின் முழங்கையில் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டிகள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு இன்று நாகலூரிலிருந்து பஸ் ஏறி ஏற்காடு டாக்டரிடம் போனோம். ஒன்பது வயது ஒல்லிப் பெண்ணுக்குக் கொலஸ்ட்ரால் மிக அதிகமாம்.

"உங்க குடும்பத்துல யாருக்காச்சும் ஹார்ட் அட்டாக் வந்துருக்குதுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க. எங்கூட்டுல எல்லாரும் வாயுவுலதானுங்க போனாங்க" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை வயசுல?"

"அப்பா நாப்பத்தொண்ணு. அண்ணன் முப்பத்தெட்டுங்க."

சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது வாயு இல்லீங்க, ஹார்ட் அட்டாக்காத்தான் இருக்கும். இந்தக் கொலஸ்ட்ரால் பரம்பரையா வர்றதுங்க. பாப்பாவுக்கு இப்பவே மருந்து ஆரம்பிச்சுரலாம். நீங்களும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

எனக்கு முப்பத்தேழு வயது. போன வாரம் நெஞ்சை அடைத்தபோது ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவன் நான்.

உங்கள் வீட்டிலும் யாராவது வாயுவில் போயிருக்கிறார்களா? எத்தனை வயதில்?