பின்கதவை மறைத்த பேப்பர்கள்

ரீச்சர் வீட்டுப் பின்கதவு ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்ததாம். அந்த இடைவெளியால் என் மகள் பக்கவாட்டில் உடம்பை நுழைத்து வெளியே வந்தாள். தாழ்ப்பாள் கீறிய தழும்பு அவளுடைய தோளில் இருக்கிறது. அவள் தலை பின்னும்போது நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

ரீச்சர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்து வகுப்பு எடுத்தார். எந்தத் தாளையும் எறியமாட்டார். பல வருடத்துச் சோதனைப் பாஸ்ட் பேப்பர்கள், வெளிநாடு போன பிள்ளைகள் விட்டுப்போன கொப்பிகள், ஊர் ஊராகச் சேர்த்த மாதிரி வினாத்தாள்கள். நடையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். பின்படிக்கட்டுக்குப் போகும் கதவுக்கு முன்னால் பேப்பர்க் கட்டுகள் நெஞ்சளவு உயர்ந்திருந்தன. மின்விசிறியின் எக்ஸ்டென்ஷன் வயர் அவற்றுக்கு அடியால் ஓடியது. எல்லாவற்றையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் தாய்மார் எங்களுக்கு அது குப்பையாகத் தெரியவில்லை. வேறெங்கும் கிடைக்காத கணக்குகள் அங்கே இருந்தன. நாங்களே பை பையாகக் கொண்டுபோயும் கொடுத்தோம்.

ஒருநாள் மகளை விடப் போனபோது, பழைய பேப்பர் வாங்குகிறவர் சாக்கோடு வாசலில் நின்றார். "கன்னத, மிஸ்?" என்று, எடுக்கட்டுமா என்பதைச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். ரீச்சரின் முகத்தில் பாதி மனம்தான்.

"பின்கதவு திறக்கேலாமக் கிடக்கு, பிள்ளை. பயமாயும் கிடக்கு. கொஞ்சத்தைக் குடுப்பமெண்டு பாக்கிறன்."

"ஐயோ ரீச்சர், இவளின்ர சோதினை முடியுமட்டும் பொறுங்கோவன். பிறகு நானே வந்து ஒதுக்கித் தாறன்."

"நீயும் என்னை மாதிரித்தான்" என்று சிரித்தார். பேப்பர்காரர் வெறும் சாக்கோடு படியிறங்கினார். எனக்கு ஏதோ சாதித்தது போல இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம், வகுப்பு நடக்கும்போது நடையில் அந்த வயர் பற்றிக்கொண்டது. முன்கதவுப் பக்கம் முழுவதும் நெருப்பு. ஆறு பிள்ளைகளும் ரீச்சரும் பின்கதவுக் கட்டுகளை இழுத்து எறிந்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக நுழைந்து போகுமட்டும் ரீச்சர் எரிகிற தாள்களைக் கையால் தள்ளிக்கொண்டு நின்றாராம். கடைசியாகத்தான் அவர் வந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுப் போடப்பட்டிருந்தன. கிருலப்பனையிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பியார் கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உந்தக் குப்பைக்குள்ள பிள்ளையளை அனுப்பிப்போட்டு, தாய்மார் நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லையோ?"

"சொன்னனாங்கள் அண்ணை. ரீச்சர் கேக்கேல்லை."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். ரீச்சர் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை, பிழையாகச் செய்த கணக்கைப் பார்க்கிற அதே பார்வை.

"ஓம் தம்பி, அவ எத்தினை தரம் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

கொண்டுபோன தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ரீச்சர் இப்போது தம்பியார் வீட்டில் இருக்கிறார். கைகள் ஓரளவு சுகம். அங்கே இரண்டு பிள்ளைகளுக்காவது படிப்பிக்க விடும்படி கேட்டாராம். தம்பியார் மறுத்துவிட்டார். வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பிய இன்னொரு தாய் எனக்கு இதைச் சொன்னார். "தாய்மார் சொல்லியும் கேளாத ஆளிட்டை ஆர் பிள்ளையை விடுவினம்?" என்றாராம் தம்பியார்.

அவருக்கு அந்தக் காரணத்தைக் கொடுத்தது நான். வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனை அதிக தூரமில்லை. இன்னும் போகவில்லை.