ஹெப்சியும் ஒன்பதடி மேஜையும்

ஹெப்சி வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு, பில்லியர்ட்ஸ் மாதிரி ஸ்டிக்கால் ஆடும் பூல் மேஜை வந்தது யாரும் ஆடுவதற்காக இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்த ஒருவர், தொழிலாளர்கள் இளைப்பாற ஓர் அறை வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். உடனே கேன்டீனுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அறைக்கு வெள்ளையடித்து, ஏழடி மேஜை ஒன்றை இறக்கினார்கள். மறுமுறை வந்தவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அவருடைய கார் பக்கத்து ஊர் மாதனூரைத் தாண்டியிருக்காது, மேஜை மேல் ஷூ பெட்டிகள் ஏறிவிட்டன.

அந்தப் பெட்டிகளை இறக்கி வைத்தவள் ஹெப்சி. தையல் பிரிவில் முடிந்து வரும் தோலில் நூல் பிசகியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வாய் திறக்கவே யோசிப்பவள். தப்பு கண்டால்கூட சொல்லமாட்டாள், சாக்பீஸால் வட்டம் போட்டுத் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு மதிய இடைவேளையில் ஸ்டிக்கை எடுத்து வெள்ளைப் பந்தைத் தட்டினாள். அது போய் ஒரு மஞ்சள் பந்தில் மோத, மஞ்சள் பந்து டொப்பென்று மூலையிலிருந்த குழியில், பாக்கெட்டில், விழுந்தது. ஹெப்சி வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மோகனா, யார் சிரிப்பது என்று எழுந்து வந்து பார்த்தாள்.

அதற்கப்புறம் மதியம் ஆனால் அந்த அறையில் கூட்டம் நெரிந்தது. மட்டமான மேஜை. ஒரே கோடையில் பாக்கெட் வாய்களில் இருந்த ரப்பர் பிய்ந்து தொங்கியது. கட்டிங் பிரிவு தபரேஸ் விடுவானா? ஷூவின் கழுத்துக்குள் வைக்கும் பஞ்சை எடுத்தான். மேலே மெத்தென்ற ஆட்டுத்தோலைப் போர்த்தி, சொல்யூஷன் தடவி, ஓரம் மடித்து, ஆறு பாக்கெட்டுக்கும் ஒட்டினான்.

"நம்ம ஊர்ல இருந்துக்கினு டேபிளுக்கு லெதர் இல்லன்னா அசிங்கம்ல?" என்றான்.

தோல் ஒட்டிய நாளிலிருந்து எல்லாரும் திடீரென்று நன்றாக ஆடத் தொடங்கினார்கள். ஓங்கி அடித்தால் விழுந்தது. ஓரத்தில் இடித்தாலும் விழுந்தது. அதிலும் ஹெப்சிக்கு ஈடே இல்லை. ஆண்களையும் வரிசையாகத் தோற்கடித்து உட்கார வைத்தாள்.

அப்போதுதான் வேலூர் வட்டாரத் தொழிலாளர் விளையாட்டுப் போட்டி அறிவிப்பு வந்தது. பெண்களுக்கும் இந்த மேஜை ஆட்டம் உண்டு. வெல்பவள் மாநிலப் போட்டிக்குச் சென்னை போவாள். ஒரே ஓர் இடம். ஹெப்சி யாரிடமும் கேட்காமல், யாரும் சொல்லாமல், தானே போய்ப் பேர் கொடுத்தாள். தனக்கு ஒன்று வேண்டும் என்று அவள் இதுவரை எங்கேயும் போய் நின்றதில்லை. இது வேண்டும் என்று இருந்தது. ராத்திரியில் கண்ணை மூடினால் பந்துகள் உருண்டன.

அவள் அம்மா ஜெபகனிக்குத்தான் புரியவில்லை. "கேரம்போர்டுன்னா வீட்லயே ஆடலாமே. அதுக்கு இன்னாத்துக்கு வேலூரு?"

"கேரம் இல்லம்மா இது."

"குழியில காய் தள்றதுதானே?"



ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்ததும் ஹெப்சி கிளம்பினாள். துணைக்கு மோகனாவும் தபரேஸும் வந்தார்கள். நான்கு பெண்கள் பேர் கொடுத்ததில் இரண்டு பேருக்கு ஏற்றுமதி அவசரம், லீவு கிடைக்கவில்லை. எனவே நேராக இறுதி ஆட்டம். மூன்று கேமில் இரண்டு எடுப்பவள் சென்னைக்கு.

போட்டி நடக்கும் வேலூர் கிளப்பின் கதவைத் திறந்ததும் மூவரும் நின்றுவிட்டார்கள். ஒன்பதடி மேஜை, பச்சைப் பசேலென்று நீண்டு கிடந்தது.

"ஏண்டி, இதுல கபடியே ஆடலாம் போலிருக்கே!" என்றாள் மோகனா.

எதிரில் ஆடுபவர் பாரதி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், இதே மேஜையில் இரண்டு வருடமாக ஆடுகிறவர். முதல் ஆட்டம் தொடங்கியது. ஒருவருக்குக் கோடு போட்ட பந்துகள், மற்றவருக்கு முழு நிறப் பந்துகள், தன்னுடையதை எல்லாம் போட்டவர் கடைசியாகக் கறுப்பைப் போட வேண்டும். ஹெப்சி வழக்கம்போல ஓங்கி அடித்தாள். பந்து அம்பு மாதிரி போய், பாக்கெட் வாயின் ஒரு பக்கம் இடித்து, மறுபக்கம் இடித்து, கடகடவென்று ஆடி, வெளியே வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றும் போகும்போது விழுந்த மாதிரிதான் இருந்தது.

"சார், டேபிள்ல ஏதோ கோளாறு சார்!" தபரேஸ் எழுந்து நின்று கத்தினான்.

நடுவர் கோதண்டபாணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டேபிள் சரியாத்தான் இருக்குது. நீ உக்காருப்பா."

பாரதி அலட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார். முதல் கேம் போனது.

ஹெப்சிக்குக் காது சுட்டது. இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. நடுவரிடம் கேட்டுக்கொண்டு மூலைப் பாக்கெட்டுக்குப் போனாள். இரண்டு பந்துகளை எடுத்து அதன் வாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கம்பெனி மேஜையில் இரண்டு பந்து வைத்து நடுவில் விரலையும் விடலாம். வாயின் ஓரத்தை விரலால் தடவினாள். கெட்டி ரப்பர், அழுத்தினால் அமுங்கவே இல்லை. அவள் சட்டென்று திரும்பினாள்.

"தபரேஸ், உன் தோலுதான்!"

"என் தோலா? இன்னா சொல்ற?"

"நாம போட்ட பந்துல பாதி நாம போடலை. உன் தோலு போட்டுச்சி. மெத்துமெத்துன்னு இருந்துச்சில்ல, இடிச்ச பந்து எகிறாம அப்டியே உள்ள போய்ட்டுது. இங்க எகிறுது."

தபரேஸ் முகம் போன போக்கைப் பார்த்து மோகனா தலையில் அடித்துக்கொண்டாள். "ஷூக்கு வைக்கச் சொன்னா பாக்கெட்டுக்கு மெத்தை வச்சிக் குடுத்திருக்கான்! இப்ப நமக்கு பேஜார்!"

ஹெப்சிக்கோ உள்ளே ஏதோ துள்ளியது. காரணம் தெரிந்துவிட்டதே! வேகம்தான் பந்தை வெளியே தள்ளுகிறது. மெதுவாகப் போனால் ஓரத்தில் பட்டாலும் அந்தப் பந்துக்குத் திரும்பி ஓடச் சத்து இருக்காது.

இரண்டாவது கேமில் முதல் பந்தை அவள் தட்டியதுகூடக் கேட்கவில்லை. உருண்டு போய், தயங்கி, விழுந்தது. அடுத்ததை இன்னும் மெதுவாகத் தட்டினாள். பாதி வழியில் நின்றுவிட்டது.

"ரொம்பக் கம்மி!" என்று மோகனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏழடிக்கு அளந்த கை அது. இந்த மேஜைக்கு இரண்டடி ஜாஸ்தி வேண்டும். பாரதி ஆடி முடித்து அடுத்த முறை வந்தபோது ஒரு பிடி கூட்டினாள். சரியாகப் போனது. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கம்பெனி மேஜையில் பந்துகள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு கிடக்கும். இங்கே எங்கே பார்த்தாலும் வழி இருந்தது. வெள்ளைப் பந்து யார் மேலும் படாமல் ஊர் சுற்றிவிட்டு அவள் சொன்ன இடத்தில் வந்து நின்றது. இவ்வளவு நாளும் சந்துக்குள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தோமா என்றிருந்தது அவளுக்கு. பாரதி ஒரு நீளப் பந்தைத் தவறவிட்டதும், மிச்சத்தையெல்லாம் ஹெப்சி மூச்சுவிடாமல் போட்டு முடித்தாள்.

ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பாரதியின் கடைசிப் பந்து பாக்கெட் வாயில் ஆடி வெளியே வந்தது. இரண்டு வருடம் ஆடியவரையும் அந்த வாய் விடவில்லை! ஹெப்சி தன் கடைசிப் பந்தைப் போட்டாள். மீதி கறுப்பு. நடுப் பாக்கெட்டைத் தாண்டி, மேஜை ஓரத்து ரப்பர் குஷனை ஒட்டிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து மூலைக்குக் குஷன் ஓரமாகவே போக வேண்டும். தவறினால் அடுத்த முறையில் பாரதி முடித்துவிடுவார்.

"வேகமா ஒண்ணு வுடு!" பழக்க தோஷத்தில் தபரேஸ் கிசுகிசுத்தான்.

"நீ வாயை மூடு!" மோகனா அவன் காலை மிதித்தாள்.

ஹெப்சி குனிந்தாள். குஷன் ஓரமாகக் கண்ணை ஓட்டினாள். நிமிர்ந்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடி குனிந்து, தட்டினாள்.

கறுப்பு கிளம்பியது. குஷனை உரசியபடி உருண்டது. பாதியில் வேகம் குறைந்தது. போதாதோ? மோகனா வேண்டிக்கொள்வது கேட்டது. "போடா, போடா, இன்னும் கொஞ்சம் போடா கண்ணு..." பந்து வாயின் ஓரத்தைத் தொட்டது. அதற்கு எகிறத் தெம்பில்லை. அரைச் சுற்று சுற்றி, எட்டிப் பார்ப்பது போல் நின்று, உள்ளே போனது.

தபரேஸ் நாற்காலி மேல் ஏறிவிட்டான். மோகனா ஹெப்சியைத் தூக்கியே விட்டாள். "சென்னைக்கு ஹெப்சி, ஆம்பூர்" என்று கோதண்டபாணி அறிவித்தது பாதிதான் காதில் விழுந்தது.

சத்தம் அடங்கியதும் அவள் பாரதியிடம் போனாள். "சிஸ்டர், டியூட்டிக்கு நேரமாய்ட்டுதா?"

"சாயங்காலம்தான். ஏம்மா?"

"இன்னொரு கேம் ஆடலாமா? சும்மா."

பாரதி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அதைத் தோத்தவங்கதான் கேக்கணும்."

"அப்ப கேளுங்க," என்றாள் ஹெப்சி.

மோகனா அவளை வாய் பிளந்து பார்த்தாள். பாரதி சிரித்துக்கொண்டே பந்துகளை அடுக்க ஆரம்பித்தார்.