வெள்ளைக் கவுனில் விழுந்த துரு

கொரோனா கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கிய மறு வருடம், சிங்கப்பூர் சிராங்கூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடியில் நடந்தது இது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். முப்பது வருடம் சொந்தமாக ரிப்பேர் கடை நடத்தி, இரண்டு பிள்ளைகளையும் பட்டதாரி ஆக்கினேன். இப்போது ஓய்வில், ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டிய சர்க்யூட் போர்டுகளை வீட்டிலேயே செய்கிறேன். போர்டில் வேண்டாத செம்பை அரித்தெடுக்க ஒரு கரைசல் வேண்டும். கடைச் சரக்கை நான் தொடுவதில்லை. ஆசிட்டில் பெராக்சைடு கலந்து நானே தயாரிப்பேன். செம்பு கரையக் கரையத் தண்ணீர் பச்சையாக மாறும் அழகே தனி.

நெடி தாங்கவில்லை என்று மனைவி விரட்டியதால், டப்பாவைக் காரிடாரில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து வெடித்துவிடும். அதெல்லாம் தெரிந்தவன் நான். அதனால் மூடியைச் சும்மா சாய்த்து வைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்தார். தேக்கா சந்தைப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். சனிக்கிழமை மகளுக்கு தேவாலயத்தில் திருமணம். வெள்ளைக் கவுனை வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மெஷின் கிறீச்சுங்குது. ஊசி பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை. கொஞ்சம் வந்து பாருங்கண்ணே.”

“பழைய மெஷின் லா. நம்ம ஊரு ஈரக்காத்து வேற. எண்ணெய் போட்டு எத்தன மாசம் ஆச்சு?” என்று அதட்டிவிட்டு, கழற்றித் துடைத்து, புது ஊசி போட்டுக் கொடுத்தேன். அன்று மாலை எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் நிறைய மீன் குழம்பு வந்தது.

இரண்டே நாளில் புது ஊசியும் துருப்பிடித்தது. மறுபடி போய் மெஷின் முன் குனிந்தேன். காரிடார் பக்கம் திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு நெடி மூக்கில் சுருக்கென்று ஏறியது. எட்டிப் பார்த்தால், நேர் கீழே என் டப்பா!

யாருக்கும் தெரியாது. டப்பாவைத் தூக்கிவிட்டால் மெஷின் சரியாகிவிடும், பெயரும் எனக்கே. அந்த நினைப்போடுதான் எழுந்தேன். அதற்குள் அவர் கறைபட்ட மார்புத் துணியைக் கையில் எடுத்தார்.

“ஊருக்கெல்லாம் தைச்சுக் குடுத்தேன். என் பிள்ளைக்குத் தைக்கும்போது என் கை இப்படி ஆயிடுச்சே. ரெடிமேட் வாங்கிக்கச் சொல்லிடறேன்ணே” என்றார்.

“உங்க கை இல்லம்மா. என் ஆசிட்டு” என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்ப எண்ணெய் போடலன்னு என்னை அந்தத் திட்டு திட்டினீங்க?”

போய் டப்பாவை அப்புறப்படுத்திவிட்டு வந்தேன்.

“சரி, உட்காருங்க. கறைத் துணியிலேர்ந்து லேஸைப் பிரிங்க. ஒரு இழை கிழிஞ்சுதோ, உங்களையே ஆசிட்ல முக்கிடுவேன்” என்றார்.

ஈயம் பற்றவைத்துப் பழகிய கை இது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நூல் நூலாகப் பிரித்தேன். ஓர் இழைகூடக் கிழியவில்லை. அவர் புதுத் துணி வெட்டி, அதே லேஸை வைத்துத் தைத்து முடித்தார். சனிக்கிழமை காலை மணப்பெண் அந்தக் கவுனில் எங்கள் காரிடாரைக் கடந்து போனாள்.

கரைசலை இன்றும் நானேதான் கலக்கிறேன், தேவைக்குக் கொஞ்சமாக. என் போர்டுக்கு நிகர் இந்த வட்டாரத்தில் இல்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு எத்தனையோ உண்டு. அன்று என் தப்பை நானே வாய்விட்டுச் சொன்னதையும் இப்போது அந்த வரிசையில் சேர்த்திருக்கிறேன், கொஞ்சம் முன்னாலேயே.