சிவக்காத கை

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குப் பூவிழியின் தம்பி திருவேங்கடம் போனில் கூப்பிட்டார். "சார், அக்கா எழுந்துக்கல சார்" என்றார். பிறகு வேறு யாரோ போனை வாங்கி, டாக்டர் மாரடைப்பு என்று சொன்னதாகச் சொன்னார்கள். பூவிழிக்கு நாற்பத்து நான்கு வயது.

பல்கலைக்கழகத்தில் எனக்கு அடுத்த அறை அவருடையது. நுண்ணுயிரியல் பேராசிரியர், பள்ளி உயிரியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்துவந்தார். பிறந்த ஊர் ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு. வேலை கிடைத்த பிறகும் ஊரை விடாமல், தினமும் மீஞ்சூரில் ரயிலேறி வருவார். அவருடைய நைனா ஏரியில் வலை போட்டவர். அம்மா இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவர்.

அப்படி இறால் பிடிக்கும் பெண்களுக்காகத்தான் பூவிழி ஒரு சுவரொட்டியைத் தயாரித்தார். இறாலின் தலைமுள் கையைக் கிழிக்கும். ஏரித் தண்ணீரில் வாழும் ஒரு கிருமி அந்தக் காயத்தில் புகுந்தால், சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கையே போய்விடலாம், உயிரும் போகலாம். பெண்களோ மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் தண்ணீரில் இறங்குவார்கள். சுவரொட்டியில் வீங்கிச் சிவந்த ஒரு கையின் படம். கீழே பெரிய எழுத்தில், 'காயம் சிவந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.' ஏரியோர ஊர்களில் படகுத்துறைதோறும் அவரே ஒட்டினார்.

தோணிரேவில் ஒட்டியபோது நானும் இருந்தேன். அவரோடு பள்ளியில் படித்த மஞ்சு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"இன்னாடி, இம்மாம் வெள்ளையா கீது? எந்த சினிமாக்காரி கையி?"

"புக்குல இருக்கறதுடி. வெளிநாட்டுப் படம்."

"அவ எந்த ஏரியில எறா புடிச்சா?"

எல்லோரும் சிரித்தோம். பூவிழியும் சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சுவின் கையை முள் கிழித்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. சென்னைக்குக் கொண்டுபோனபோது தாமதமாகியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பார்க்கப்போன பூவிழியிடம் அவர் கோபப்படவில்லை.

"வலில உசுரு போச்சுடி. வீங்கி மினுமினுன்னு இருந்துச்சி. ஆனா செவக்கல. நீ எழுதி வெச்சிருந்தியே, அது ஞாபகம் வந்துச்சி. செவக்கட்டும், அப்பறம் போலாம்னு பாத்துனே இருந்தேன்."

கறுத்த தோலில் அந்த வீக்கம் சிவப்பாகத் தெரியாது. தோல் இன்னும் கறுக்கும், இல்லையென்றால் ஊதாவாகும், தொட்டால் சுடும். பூவிழியும் மஞ்சுவின் நிறம்தான். "என் கையத் திருப்பி ஒரு தடவ பாத்திருந்தா போதும் சார்" என்று ரயிலில் சொன்னார்.

அதன்பிறகு அவர் கையில் போனோடு வீடுவீடாகப் போனார். ஏரிக்காரப் பெண்களின் காயங்களையே படமெடுக்க வேண்டும் என்பது திட்டம். யாரும் சம்மதிக்கவில்லை. கையைப் பார்த்தே யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும், புண் கை என்று தெரிந்தால் இறாலை எவனும் வாங்கமாட்டான் என்றார்கள். மஞ்சுதான் விரல் போன கையை முதலில் நீட்டினார்.

"எடுத்துக்கடி. இத யாரு கையின்னு இன்னா புதுசா கண்டுபுடிக்கப் போறாங்கோ?"

பிறகு மற்றவர்களும் நீட்டினார்கள். புதிய சுவரொட்டியில் நான்கு கைகள், நான்கு நிறங்கள். 'சிவந்தால்' என்ற சொல்லே இல்லை. புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கச் சொன்னது அது. பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களிடமும் பழைய படத்தைக் காட்டி, "இது யாருடைய தோல்?" என்று கேட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவார்.

பழைய சுவரொட்டிகளைத் தாங்களே கிழித்துவிடுவதாக மாணவர்கள் சொன்னார்கள். அவர் விடவில்லை. "ஒட்டினது நான்தானே" என்றார். ஈரத்துணியும் மழுங்கின கத்தியுமாக ஒவ்வொரு ஊராகப் போய்ச் சுரண்டி எடுத்தார், ஓர் ஓரம்கூட மிச்சமில்லாமல். எடுத்த இடத்திலேயே புதியதை ஒட்டினார். கடைசியாகப் பசியாவரம். அங்கே படகில்தான் போக வேண்டும். காற்று பலமாக இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார்.

பூவிழியை எடுத்துப்போன பிறகு, வாசலில் மஞ்சு என்னிடம் வந்தார்.

"பசியாவரத்துல அத எடுத்துட்டாளா சார்?"

இல்லை என்றேன்.

இன்று வியாழக்கிழமை. காற்று இன்னும் தணியவில்லை. பசியாவரத்துப் படகுத்துறைச் சுவரில் அந்த வெள்ளைக் கை ஒட்டியபடியே இருக்கிறது.