சாவி வீட்டு நாத்தனார்

திருடிவிட்டு ஓடிப்போனாளாம்! எந்த வாய் அப்படிச் சொன்னதோ அந்த வாயை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஓடிப்போனவள் அடுத்த தெருவிலா குடியிருப்பாள்? சலவைக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்து, தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாடி வீட்டுக்காரியின் மோதிரம் காணாமல் போனது உண்மை. அதே வாரம் என் நாத்தனார் இந்தத் தெருவின் சாவிகளையெல்லாம் அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்ததும் உண்மை. இரண்டு உண்மைக்கும் முடிச்சுப் போட்டு ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டார்கள். "ஒண்ணும் எடுக்காதவ எதுக்குப் பயந்து திருப்பிக் குடுக்கணும்?" என்று மளிகைக் கடை வாசலில் நின்று நியாயம் பேசுகிறார்கள். அவள் பயந்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற பயம் அது இல்லை.

என்னவென்று நான் சொல்கிறேன். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள், அவர்கள் ரத்தம் எனக்குக் கிடையாது. சொல்லலாமா என்று அவளிடமே போய்க் கேட்டேன். "உங்களுக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க அண்ணி" என்றாள். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும். கல்யாணமான நாளிலிருந்து பாதி நாள் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குச் சாவி வீடு என்று பெயர். நான் வாழ வந்தபோதே அந்தப் பெயர் இருந்தது. வெளியே போகிறவர்கள் தங்கள் வீட்டின் இன்னொரு சாவியை எங்களிடம் கொடுத்து வைப்பார்கள். மாமியார் காலத்தில் அது ஒரு டப்பாவில் கிடந்தது. நாத்தனார் கைக்கு வந்த பிறகு முன்னறைச் சுவரில் பலகை அடித்து, வரிசையாக ஆணியில் மாட்டினாள். அவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. திரைச்சீலை, தலையணை உறை தைப்பதுதான் பிழைப்பு. மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள், அதனால் சாவிக்குக் காவலும் ஆயிற்று.

ஒரு தந்திரம் வைத்திருந்தாள். எந்தச் சாவியிலும் பெயர் இருக்காது. அந்தந்த வீட்டுக்குத் தைத்த துணியில் மிச்சமான ஒரு கிழிசலைச் சாவியில் கட்டியிருப்பாள். நீலத்தில் வெள்ளைக் கட்டம் யார் வீடு, மஞ்சள் பூ யார் வீடு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். திருடன் வந்து பலகையோடு பெயர்த்துக்கொண்டு போனாலும் தெருவெல்லாம் அலைய வேண்டியதுதான். இவளையா திருடி என்கிறீர்கள்?

ஒரு நாள் எதிர் வீட்டு மனிதர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். தண்ணீர் நின்றுவிட்டது, மோட்டார் போட வெளியே வந்தாராம், காற்றில் கதவு பூட்டிக்கொண்டதாம்.

"சாவியம்மா, சீக்கிரம், மானம் போகுது!"

இவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டே, "முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. நுரைக்குள்ள முகம் தெரியல" என்றாள். அவர் கெஞ்சக் கெஞ்ச, தெரு சிரித்தது. அப்படி இருந்தவள்.

வினை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? கடைசி வீட்டுக்குப் புதிதாக ஒரு டீச்சர் குடிவந்தாள். சாவி கொடுக்க வந்தவள், "ஏன் உங்களைச் சாவி வீடுன்னு கூப்பிடறாங்க?" என்று கேட்டாள். இவள் பெருமையாகச் சொன்னாள்: "எங்க பாட்டனாருக்கு அம்மா அவ்வளவு நாணயம். மில் குடியிருப்புல வரிசை முழுக்க அவங்ககிட்டதான் சாவியைக் குடுத்துட்டு வேலைக்குப் போவாங்க." உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "அப்படி இல்ல, முதலாளி கிடங்குச் சாவியையே அவங்ககிட்ட குடுத்தாராம்" என்றார். மறுவாரம் வந்த பெரியப்பா மகன் மூன்றாவதாக ஒரு கதை சொன்னார். மூன்றில் எது சரி என்று இவளுக்கு மண்டைக்குள் குடைச்சல் எடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையானால் கிளம்பிவிடுவாள். உறவில் மூத்தவர் யார் எங்கே இருந்தாலும் தேடிப் போய், அப்பாவுக்கு அப்பா யார், அவர் கூடப் பிறந்தவர்கள் யார், யாருக்கு என்ன பட்டப்பெயர் என்று துருவி எடுத்துக்கொண்டு வருவாள். ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்கு அதுதான் வேடிக்கை. வீட்டுக்குள் நுழையுமுன் மருமகள்கள் உஷாராகட்டும் என்று வாசலிலேயே இருமும் ஒருவர், அவர் 'இருமல் தாத்தா'. எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்ற ஒருவர், அவர் 'அப்புறம் சித்தப்பா'. "கல்யாணத்துக்கும் அப்புறம்னாராம் அண்ணி. பொண்ணு வீட்டுக்காரங்க அந்த அப்புறத்துக்குள்ள வேற மாப்பிள்ளை பாத்துட்டாங்களாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் அண்ணன்கூடச் சிரித்தார்.

தெருமுனைச் சலூன்காரரிடமும் கேட்டாள். அவருடைய பாட்டனாரும் அதே மில் குடியிருப்பில் பிறந்தவர். அவர்களுக்கு ஜன்னல் வீடு என்று பெயர்.

"ஏன்னு யாருக்குத் தெரியும் சாவியக்கா? எங்க தாத்தா ஜன்னல்ல நின்னு போற வர்ற பொண்ணுங்களைப் பாத்திருப்பாரு. எங்க பரம்பரைக்கே கண்ணு கொஞ்சம் அலையும்."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லட்டுமா?"

"ஐயோ, கத்தியை நான் வச்சிருந்தாலும் கழுத்து என்னுதுக்கா! நிஜமா கேக்கறேன். எங்க தாத்தாவுக்கு அப்பா அம்மா யாருன்னே எங்களுக்குத் தெரியாது. விசாரிக்கறப்போ காதுல விழுந்தா எனக்கும் சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு, முன்பு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த கிழவியிடம் போனோம். அன்றைக்கு நானும் கூடப் போனேன். கிழவிக்கு முன்னால் அவள் அம்மாவும் குடியிருப்பில் அதே வேலைதான் பார்த்தவள். மகள் வீட்டில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் கட்டிலில் படுத்திருந்தாள் கிழவி. கண் தெரியவில்லை, காது பாம்புக் காது.

"எந்த வீட்டும்மா நீ?"

"சாவி வீடு, பாட்டி."

கிழவி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "இன்னுமா அந்தப் பேரைச் சொல்லிக்கிறீங்க?" என்றாள்.

இவளுக்கு முகம் மாறியது. "ஏன் பாட்டி, நல்ல பேருதானே?"

"யாரு சொன்னது? எங்கம்மா வீட்ல அதை வசவா சொல்லித்தான் நான் கேட்டிருக்கேன்."

கிழவி சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். குடியிருப்பில் ஒரு வருஷம் கொள்ளை நோய் வந்தது. ஒரு அறையில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. புருஷனுக்கு நோய் கண்டதும் மில் மேஸ்திரி அந்த அறையை வெளியே பூட்டச் சொல்லிவிட்டான். பக்கத்து அறையில் இருந்த எங்கள் வீட்டுப் பாட்டனாரின் அம்மாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்து, திறந்தால் உன் குடும்பத்துக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை என்றானாம். அவளுக்கும் இடுப்பில் ஒரு குழந்தை. உள்ளேயிருந்து தட்டினார்கள். சாவி வைத்திருந்தவள் ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள். கதவை மட்டும் திறக்கவில்லை. தட்டுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்தத் தாய் கைக்குழந்தையை ஜன்னல் கம்பிக்கு நடுவே நீட்டினாள். இவள் வாங்கிக்கொண்டாள். அந்தக் குழந்தை ஒன்றுதான் பிழைத்தது.

"எங்கம்மாதான் அதை எடுத்து வளர்த்தா. ஜன்னல், ஜன்னல்னு கூப்பிட்டு அதுவே அவன் பேராப் போச்சு" என்றாள் கிழவி.

நான் உடனே, "பாவம், அவளும் என்ன செய்வா? குழந்தையைக் காப்பாத்தியிருக்காளே" என்றேன்.

என் நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சாவி இடுப்புல இருக்கும்போது குழந்தையை ஏன் அண்ணி ஜன்னல் வழியா வாங்கணும்?"

உடனே கிழவி பக்கம் திரும்பினாள்.

"அப்போ ஊர்ச் சாவியெல்லாம் எப்படி எங்க வீட்டுக்கு வந்தது பாட்டி?" என்று கிழவியிடம் கேட்டாள்.

"அவளேதான் வீடு வீடாப் போய்க் கேட்டா. எந்தக் கதவுக்கும் இன்னொரு சாவி வெளிய இருக்கட்டும்னு. சிலபேர் குடுத்தாங்க. சிலபேர் அவ மூஞ்சியில கதவைச் சாத்தினாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சிரிப்பு நின்றுபோயிற்று. மெஷினில் உட்காருவாள், கால் மிதிக்காது. யாரோ ஒருத்திக்குத் தைத்த திரைச்சீலையில் பூவெல்லாம் தலைகீழாக நின்றது. கதவை யார் தட்டினாலும் துள்ளி எழுந்து போய்த் திறப்பாள், பால்காரனாக இருந்தாலும் சரி. தினமும் காலையில் சலூன்காரர் கடை ஷட்டரைத் தூக்கும்போது, "சாவியக்கா, எங்க ஜன்னல் கிடைச்சுதா?" என்று கத்துவார். விளையாட்டுக்குத்தான். இவள் நூல் வாங்கக்கூடப் பின் தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள்.

நான் விடவில்லை. எனக்கும் பிடிவாதம் உண்டு. "அடியே, நீயா பூட்டின? நானா பூட்டினேன்? எந்தக் காலத்துலயோ செத்துப்போனவ செஞ்சதுக்கு நீ எதுக்குச் சோத்தை வெறுக்கற? அவளே பரிகாரமா ஊருக்குக் காவல் இருந்துட்டுப் போயிட்டா."

"அவங்க சாவி கேட்டது நடந்தது தெரிஞ்சு கேட்டது அண்ணி. நாம பெருமைக்கு வாங்கி மாட்டியிருக்கோம். சலூன்காரர் தாத்தாவோட அப்பா அம்மாவைப் பூட்டி வச்ச சாவியைச் சொல்லி, அவர்கிட்டயே பீத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

அன்று மதியமே சாவிகளை ஆணியிலிருந்து கழற்றினாள். ஒரு பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஏன் என்று கேட்டவர்களிடம் "இனிமே முடியாது" என்று மட்டும் சொன்னாளாம். அதுதான் அவள் செய்த தப்பு. கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்று ஒரு சாக்குச் சொல்லியிருந்தால் தெரு ஐயோ பாவம் என்றிருக்கும். சொல்லச் சொன்னேன். "இதுக்கும் ஒரு பொய்யா அண்ணி?" என்றாள்.

மாடி வீட்டுக்காரி மோதிரத்தைத் தேட ஆரம்பித்தது அப்போதுதான். எங்கள் வாசலுக்கே வந்து, "நான் யாரையும் சந்தேகப்படல. சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு, அதான் கேட்டேன்" என்றாள். சந்தேகப்படாதவள் கண் எங்கள் அலமாரி மேலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் கூனிப்போய்விட்டார். கடைக்குப் போனால் பேச்சு நிற்கிறது, அவர் திரும்பினால் தொடர்கிறது.

அடுத்த நாள் காலை அவள் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"அண்ணே, நான் சலூன்காரர்கிட்ட சொல்லப் போறேன்."

"என்னத்தை?"

"நடந்ததை."

"பைத்தியமா உனக்கு? சொன்னா, திருடி இல்லன்னு ஆயிடும். கொலைகாரி வம்சம்னு ஆயிடுமே! எம் புள்ளைங்களுக்கும் சேத்துத்தானே அந்தப் பேரு? சொல்லாம இரு. மோதிரப் பேச்சு நாலு மாசத்துல அடங்கிடும்."

"மோதிரத்துக்காகச் சொல்லல. அவர் தினம் கேக்கறார் அண்ணே. என் வாயைப் பாத்துக் கேக்கறார். பதில் என்கிட்ட இருக்கு. பதிலை வச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் பக்கத்துல உக்காந்திருக்கிறது?"

அவர் எழுந்து நின்றார். தங்கையை ஒரு நாளும் கைநீட்டி அடித்தவர் இல்லை, குரலும் உயர்த்தியவர் இல்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னார்: "அங்க போறதுன்னா, திரும்பி இங்க வராதே."

"தெரியும் அண்ணே. அதான் துணியை எடுத்து வச்சேன்."

நான் குறுக்கே போய்ப் பையைப் பிடித்தேன். "அண்ணன் ஒரு வேகத்துல சொல்லிட்டார்டி. நாளைக்குப் பேசிக்கலாம்."

"அவர் வேகத்துல சொல்லல அண்ணி. பயத்துல சொல்றார். நானும் பயந்துக்கிட்டுத்தான் போறேன்." கையை விடுவித்துக்கொண்டாள். "மெஷினை மட்டும் அப்புறம் யார் மூலமாவது அனுப்பிடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். பின் தெருப் பக்கம் திரும்பவில்லை, நேராக முன்பக்கமே நடந்தாள். மாடி வீட்டுக்காரி படிக்கட்டில் நின்று பையையே பார்த்தாள். எதிர் வீட்டு ஜன்னலில் தலை தெரிந்தது. இவள் யாரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் வாசலை விட்டு நகரவில்லை.

சலூனில் அப்போதுதான் கூட்டிப் பெருக்கி முடித்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சலூன்காரர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார், நாற்காலியைத் துண்டால் தட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள். வாசலிலிருந்து எனக்குக் குரல் கேட்காது. அவர் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. பிறகு கையிலிருந்த சீப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் அவரே மெல்ல உட்கார்ந்தார்.