பி டீம் துணி துவைச்ச காலம்

ஈர ஜெர்சி மூட்டைய அவுத்ததும் ஒரு வாடை வரும் பாருங்க... சேறு, புல்லு, வேர்வை, கால்ல தேய்ச்ச தைலம், எல்லாம் சேந்து. இன்னிக்கு ஏலக்கா ஸ்டோர்ல நனைஞ்ச சாக்கு ஒண்ண ஒதறுனப்ப லேசா அதே வாடை.

போடியில என்னையத் தெரிஞ்சவங்களுக்கே இது பாதிதான் தெரியும். நான் போர்ச்சுகல் போனது ஒரு ஏஜெண்ட் மூலமா, பழம் பறிக்கிற சோலிக்கு. பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள குனிஞ்சே நின்னு முதுகு போச்சு. அப்புறம் ரூம்ல கூட இருந்த நேபாளி அண்ணன் ஒருத்தர் வடக்க ஒரு ஃபுட்பால் கிளப்புல சேத்துவிட்டாரு.

ஆட இல்லங்க... துணி துவைக்க.

அதுவும் பெரிய டீமுக்கு இல்ல, பி டீமுக்கு.

பி டீம்னா... மேல எடம் கிடைக்காதவங்க, இன்னும் வயசு பத்தாத பயலுக, அடிபட்டுத் தேறி வர்றவங்க. ஒரே கிளப்பு, ஒரே கலர் சட்டைதான். ஆனா பெரிய டீம் ஆடுறது ஸ்டேடியத்துல. எங்காளுக ஆடுறது பின்னாடி கிரவுண்டுல, மழையில கொடை புடிச்சு நிக்கிற கொஞ்ச பேரு முன்னாடி.

அதுல கோல்கீப்பர் நூனோ. என் வயசுதான். பி டீமுக்கு அது கெழட்டு வயசு. எம்பேரு அவன் வாயில நொழையல, எந்த ஊருன்னு கேட்டான், சொன்னேன். அன்னிலருந்து நான் "போடி" ஆயிட்டேன். ஒரு ஆம்பளையப் பாத்து அப்புடிக் கூப்புட்டா நம்ம பக்கம் என்ன அர்த்தம்னு நான் கடைசி வரைக்கும் அவனுக்கு வெளக்கவே இல்ல.

ப்ராக்டிஸ் முடிஞ்சா எல்லாரும் துணிய கூடையில வீசிட்டுப் போயிருவாங்க. அவன் மட்டும் சாக்ஸ நேரா திருப்பிப் போடுவான். போற வழியில அவனோட பழைய கார்ல என்னைய ரூம்ல எறக்கிவிடுவான். ரெண்டு பேருக்கும் பேசத் தெம்பு இருக்காது. பெரிய டீம்லருந்து கூப்புடுவாங்கன்னு அவன் காத்துக் கெடந்தான். ரெசிடென்ஸ் கார்டு வரும்னு நான். அது வராம ஊருக்கு வந்துட்டா திரும்ப உள்ள விடமாட்டாங்க.

ஒரு குளுர் காலத்துல பெரிய டீமோட ரெண்டாவது கீப்பருக்கு காய்ச்சல். நூனோவ வரச் சொல்லிட்டாங்க. லாண்டரிக்கு வந்து நின்னான்.

"போடி, ஞாயித்துக்கெழம நான் பெரிய டீம் பெஞ்சுல ஒக்காறேன்."

"ஆடுவியா?"

"ஒக்காறேன்"னான் மறுபடியும். அவங்கம்மா கிராமத்துலருந்து பஸ்சு புடிச்சு பாக்க வர்றாங்களாம்.

நான் கிளப்பு கிச்சன்ல இருந்த டிவியில பாத்தேன். ஆட்டம் முடியப் போற நேரம். ஆடிக்கிட்டிருந்த கீப்பர் கால புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. நூனோ எந்திரிச்சான். ஜாக்கெட்டக் கழட்டுனான், கிளவுஸ மாட்டுனான், ஓரமா ஓட ஆரம்பிச்சான். சமையக்கார அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. டாக்டர் போயி ஏதோ ஸ்பிரே அடிச்சாரு. அந்த கீப்பர் மெல்ல எந்திரிச்சு, நொண்டிப் பாத்து... ஆடுறேன்னு கையக் காட்டிட்டாரு.

நூனோ இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கிட்டே இருந்தான். அப்புறம் யாரோ தோளத் தட்டி ஒக்காரச் சொன்னாங்க.

மறுநா காலைல மடிச்ச ஜெர்சி ஒண்ணக் கொண்டாந்து என் டேபிள்ல வச்சான். பெரிய டீமோடது, முதுகுல அவன் பேரு. பெரிய டீம் லாண்டரியிலயே போட வேண்டியது, என்கிட்ட கொண்டாந்திருக்கான்.

"இதுல அழுக்கே இல்லயே"ன்னேன்.

"தெரியும். எல்லாத்தோடயும் சேத்துப் போடு."

போட்டேன். மிஷின் சுத்துறதப் பாத்துக்கிட்டே ரெண்டு பேரும் நின்னோம்.

"பஸ்சு ஏறுறப்ப எங்கம்மா கேட்டாங்க, இன்னிக்கு ரொம்ப அலைச்சலாப்பா, மொகம் வாடியிருக்கேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாம்மான்னு சொன்னேன்."

அதுக்கப்புறம் அவனக் கூப்புடல. காய்ச்சல் வந்தவருக்கு சரியாயிருச்சு.

சீசன் முடிஞ்சதும் நூனோவோட காண்ட்ராக்ட நீட்டிக்கல. அதே சமயம்தான் என் தம்பி போன் பண்ணுனான். "அண்ணே, அத்தாவுக்கு ஒரு பக்கம் இழுத்துருச்சு. பேச்சு வரல. வெரசா வாங்க."

கார்டு இன்னும் வரல. ஏஜெண்டு, ரூம்ல இருந்தவங்க, எல்லாரும் பொறுன்னாங்க. பெத்த அத்தா எவ்வளவு நாளைக்குப் பொறுப்பாரு... டிக்கெட் போட்டுட்டேன்.

ஏர்போர்ட்டுக்கு நூனோதான் கொண்டுவந்து விட்டான்.

"திரும்பி வருவியா?"

"விடமாட்டாங்க."

கொஞ்ச தூரம் போனப்புறம் சொன்னான், "என்னையவும்தான்."

பெட்டிய எறக்கிக் குடுத்துட்டு கட்டிப்புடிச்சான். அம்புட்டுத்தான்.

அத்தா இப்ப செவுத்தப் புடிச்சு நடக்குறாரு, பேச்சு கொழறும், ஆனா எங்களுக்குப் புரியும். நான் பூப்பாறை பக்கம் ஒரு எஸ்டேட்டுல ஏலக்கா காயப் போடுற ஸ்டோரப் பாத்துக்கறேன். நூனோ அவன் ஊர்ல கூரை ஓடு செய்யுற ஃபேக்டரியில இருக்கான். எப்பவாச்சும் வாய்ஸ் மெசேஜ் வரும். ரெண்டு பேரும் மொதல்ல சொல்றது அலுப்பா இருக்குங்கறதுதான்.

அப்பவும் அலுப்புதான். ஆனா அப்ப அது எதுக்கோ படுற அலுப்பு மாதிரி இருந்துச்சு... இப்ப சும்மா அலுப்பு.

அங்க போர்ச்சுகல்ல நூனோ வராத நாள்ல பஸ்சுலதான் ரூமுக்கு வருவேன். தூங்கிருவேன். எழுப்ப ஆளு கெடையாது. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயி, அந்தக் குளுருல திரும்ப நடந்து வருவேன்.

இப்ப விடியக்காலம் ஜீப்பு. கீழ சிலமலை கிராமத்துலருந்து ஏலக்கா எடுக்க வர்ற பொம்பளைக ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டே மலையேறி, உச்சியில போடிமெட்டத் தாண்டிப் போவாங்க. நேத்து பக்கத்துல இருந்த அக்கா சாப்பாட்டுப் பைய மடிக்கு மாத்தி எனக்கு எடம் விட்டாங்க.

"கண்ண மூடு தம்பி. மெட்டு வந்ததும் எழுப்புறேன்."

மெட்டு வந்ததும் எழுப்புனாங்க.