அலை ஓயக் காத்திருக்கும் ஸ்டான்லி

கிணற்றுத் தண்ணீரில் தலைகீழாக இருக்கிறான் ஸ்டான்லி. மேலே தெரிவது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் படகின் அடிவயிறு மட்டும். ஆள் அதற்குள் இடுப்புவரை செருகிக்கொண்டு தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருக்கிறான். கொஞ்ச நேரம் குமிழி வரும். அப்புறம் ஒரு துடுப்பு வெளியே நீண்டு தண்ணீரைப் பளாரென்று அறையும். இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, படகோடு சுழன்று நிமிர்வான். மூக்கில் தண்ணீர் ஒழுக, "எப்டி?" என்பான். வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த கிணற்றுக்காரர் சின்னையன், "மொதல்ல மேல வா. மோட்டாரு போடணும்" என்பார்.

புதுப்பட்டினத்தில் ஏசி மெக்கானிக் அவன். உடம்பு ஒன்றரை ஆள். படகின் ஓட்டை முக்கால் ஆளுக்கு. ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சை படகுக்குள் முட்டியும் தொடையும் படுகிற இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். நுழைந்தால் கார்க் மாதிரி அடைத்துக்கொள்வான். எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடுப்பு வெட்டு வந்துவிடும். டீக்கடை விஜயகுமாரியின் பிளாஸ்டிக் நாற்காலிகள் அப்படித்தான் கால் ஒடிந்தன. இப்போது அவனைக் கண்டதுமே சிமென்ட் மேடையைக் காட்டிவிடுகிறாள்.

சின்ன வயதிலிருந்து மீன்படகில் போய்ப் பழகியவன்தான். ஆனால் மகாபலிபுரத்தில் அலைப்பலகை விளையாட வந்தவர்கள் யாரோ போனில் மலையாற்றுப் படகு வீடியோ காட்டியதிலிருந்து கடல் அவனுக்குக் கசந்துவிட்டது. "கடல்ல அலை நம்மள தேடிகினு வருது, அண்ணாத்த. மலையில அது அங்கயே குந்திகினு கீது. நாமதான் தேடிப் போவணும்" என்பான். எங்கள் ஜில்லாவில் தண்ணீர் படுத்துத்தான் ஓடும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அன்றைக்கு அவனுக்குத் தீபாவளி. படகைத் தூக்கிக்கொண்டு போவான். ஏரிக்காவல் ஆள் கம்பைத் தூக்கிக்கொண்டு வருவான்.

ஆடி மாதம் மேற்கு மலையில் மழை பிடித்ததும் என் குட்டியானை வண்டியில் படகைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். அங்கே நாங்கள் போகும் ஓடையை ஆறு என்று சொல்ல முடியாது. தண்ணீர் போட்ட மாடிப்படி அது. பாறைக்குப் பாறை வெள்ளையாய்க் கொட்டும். ஸ்டான்லி தடதடவென்று எல்லாவற்றையும் தாண்டி இறங்கிவிடுவான். கடைசியாக ஒரு மாடி உயரத்திலிருந்து ஆழமான பள்ளத்துக்குள் தண்ணீர் விழும் இடம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் அண்டா. அதன் தலைமாட்டில், கரையோரம் தண்ணீர் சும்மா கிடக்கிற மூலையில், படகை ஒதுக்கி உட்காருவான். உட்கார்ந்துகொண்டே இருப்பான். பொழுது சாயும்போது படகைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்குவான். ஊருக்கு வந்து "எறங்கிட்டேன்" என்பான். பொய் இல்லை, இறங்கினான்தான்.

இந்த வருஷம் அவன் மனைவி ஹெலனும் வண்டியில் ஏறிக்கொண்டாள். செய்யூர்ப் பக்கத்துப் பெண். பேச்சில் சுற்றி வளைக்கிற பழக்கமில்லை. "வூட்ல பாதி எடத்த அந்த போட்டுதான் அடச்சிகினு கீது. நெஜமா குதிக்கிறியான்னு நான் பாக்கணும். இல்லன்னா அதுல கோழி வளப்பேன்" என்றாள். வழிநெடுக எத்தனை கோழி கொள்ளும் என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டே வந்தாள். ஸ்டான்லி நாஸ்தாவைக்கூடத் தொடவில்லை.

அண்டாவுக்கு மேலே ஒரு பாறையில் நானும் ஹெலனும் உட்கார்ந்தோம். ஸ்டான்லி வந்தான், மூலையில் ஒதுங்கினான், தண்ணீரையே பார்த்தான். ஹெலன் முறுக்குப் பொட்டலம் ஒன்றைத் தின்று முடித்தாள்.

"இன்னாய்யா பாக்குற?"

"இரு. அலை தணியட்டும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் கரையில் அப்படித்தான். பெரிய அலைகள் வரிசையாக வரும்; பிறகு கொஞ்சம் ஓயும்; அந்த இடைவெளியில்தான் படகைத் தள்ளுவார்கள். இவன் வருஷா வருஷம் மலையாற்றின் தலையில் உட்கார்ந்து அந்த ஓய்வுக்குக் காத்திருக்கிறான். அங்கே குதிக்க வரும் வெளியூர்ப் படகுப் பையன்களோ, ஐயா ஜெபம் செய்கிறார் என்று மரியாதையாக விலகிப் போயிருக்கிறார்கள்.

ஹெலன் கலங்கல் ஓரத்தில் வளர்ந்தவள். "யோவ், இது இன்னா கடலா? மேல மழ நிக்கிற வரிக்கும் இப்டியேதான் ஊத்திகினு இருக்கும். நீயும் குந்திகினே இரு."

ஸ்டான்லி அவளைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். தலைக்கவசத்தின் வாரை இழுத்துக் கட்டினான். சிலுவை போட்டுக்கொண்டு ஒரே தள்ளு.

விளிம்பில் படகின் மூக்கு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் ஆளும் இல்லை, படகும் இல்லை, வெறும் நுரை. சிவப்பு அடிவயிறு மேலே வந்தது. துடுப்பு நீண்டு ஓர் அறை, நிமிர்ந்தான். படகு பின்பக்கமாகத் திரும்பி, ரிவர்ஸ் எடுக்கும் லாரி போல அண்டாவைவிட்டு வெளியே வந்தது. துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எங்களை அண்ணாந்து பார்த்தான்.

ஹெலன் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை இறுக மூடியிருந்தாள். "அண்ணே, முடிஞ்சிதா? உசுரோட கீறானா?" என்று விரலுக்குள்ளிருந்தே கேட்டாள்.

நான், "பாத்தேன்டா!" என்று கத்தினேன். அவன் காதில் வாங்கவில்லை. படகைக் கரையில் போட்டுவிட்டுச் சொட்டச் சொட்டப் பாறைமேல் ஏறி வந்தான். அவள் கைகள் இரண்டையும் பிடித்து, முகத்திலிருந்து இறக்கி, மடியில் வைத்தான். பிறகு மறுபடி குதிக்க, படகைத் தூக்கிவரக் கீழே இறங்கினான்.